புயலும் இருளும்: சங்கங்களின் கடமை யாது?

புயல் என்பது கடற்கரையோரத்தாரின் துன்பம் என்று எண்ணுவது உள்நாட்டில் வாழும் நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூரைத் தாக்கிப் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோது, செய்தித்தாளில் படித்து இரங்கினோம். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேதாரணியத்தையும் பட்டுக்கோட்டையையும் சூறையாடியபோது, நம்மாலான பொருளைத் திரட்டி அனுப்பினோம். அத்துன்பம் நம் வீட்டு வாயிலுக்கும் வரக்கூடும் என்று நம்மில் எத்தனை பேர் நினைத்தோம்?

2024-ஆம் ஆண்டின் இறுதியில் அந்த எண்ணம் தகர்ந்தது. நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், வந்த வேகத்தில் கடந்து போய்விடவில்லை. கரையேறிய இடத்திலேயே பல மணி நேரம் நின்று, பின் வலுவிழந்து, மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்து, போகும் வழியெல்லாம் மழையைக் கொட்டிற்று. டிசம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து ஒரே வீட்டில் ஏழு உயிர்கள் மண்ணுக்குள் மறைந்தன; அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். ஜவ்வாது மலைக்குத் தெற்கே உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. டிசம்பர் 2-ஆம் நாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. இவையெல்லாம் கடற்கரையில் நிகழ்ந்தவை அல்ல; கடலுக்கு வெகு தொலைவில், உள்நாட்டில் நிகழ்ந்தவை. காற்று ஓய்ந்த பிறகும் புயல் ஓய்வதில்லை என்பதை அந்த மூன்று நாட்கள் நமக்குக் கற்பித்தன.

இப்பாடத்தை நம் கூட்டுறவுச் சங்கங்கள் கற்றுக்கொண்டனவா என்பதே நாம் இங்கே கேட்க விரும்பும் கேள்வி.

மலையும் அடிவாரமும்

ஜவ்வாது மலை மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரும் அதைச் சூழ்ந்த ஊர்களும் திருவண்ணாமலையைச் சேர்ந்தவை. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவை திருப்பத்தூரைச் சேர்ந்தவை. பீஞ்சமந்தை, பலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை ஆகியவை வேலூரைச் சேர்ந்தவை. இங்கு வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். சாமை விளைவித்தும், மாடு ஆடு வளர்த்தும், தேன், புளி, கடுக்காய், நெல்லி ஆகியவற்றைச் சேகரித்தும் வாழ்பவர்கள். இவர்களுக்கெனப் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டிருக்கிறது. கடனும் இடுபொருளும் நியாயவிலைப் பண்டமும் விளைபொருள் விற்பனையும் ஒரே கூரையின்கீழ் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தில், 1971-இல் பாவா குழு கூறிய யோசனையின் பேரில் நாடெங்கும் பழங்குடிப் பகுதிகளில் தோன்றியவை இவ்வகைச் சங்கங்கள்.

இம்மலையில் பெய்யும் மழை மலையோடு நின்றுவிடுவதில்லை. செய்யாறு இங்கேதான் பிறக்கிறது. கமண்டல நாகநதியும் இங்கிருந்தே இறங்கி, செண்பகத்தோப்பு அணையைக் கடந்து, ஆரணி நகரைத் தொட்டுச் செல்கிறது. மலைமேல் சாமை விளைவிப்பவருக்கும் ஆரணியில் பட்டு நெய்பவருக்கும் என்ன உறவு என்று கேட்பவர் இருக்கலாம். ஒரே மழை இருவருடைய தொழிலையும் நனைக்கிறது, அதுவே உறவு. இந்த இதழை விவசாயி, நெசவாளி இருவரும் சேர்ந்து படிப்பதும் அதனால்தான் பொருத்தமாகிறது.

மின்சாரம் நின்றால் எவையெவை நிற்கின்றன?

புயல் ஓர் இரவில் போய்விடும். அது விட்டுச்செல்லும் இருளோ பல நாள் இருக்கும். கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல மாவட்டங்களிலிருந்தும் ஊழியர்கள் திரண்டு சென்று இரவு பகலாகப் பாடுபட்டும், பல கிராமங்களுக்கு வெளிச்சம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்புவதற்காக மக்கள் வாடகைக்கு ஜெனரேட்டர் பிடிக்க வேண்டியதாயிற்று. சமவெளியிலேயே இந்நிலை என்றால், மரமடர்ந்த காட்டின் ஊடே கம்பி ஏறிவரும் மலையூர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? ஓரிடத்தில் ஒரு கிளை முறிந்து விழுந்தால் அதற்கப்பால் உள்ள ஊர்கள் யாவும் இருண்டுவிடுகின்றன. எந்த இடத்தில் முறிந்தது என்று கண்டறியவே, காட்டுக்குள் கம்பியைப் பின்தொடர்ந்து நடக்க வேண்டும். வண்டி போகாத இடத்துக்குக் கம்பத்தைத் தோளில்தான் சுமந்து செல்ல வேண்டும். மழையில் வழுக்கும் பாறைமீது அவ்வேலையைச் செய்யும் மின்வாரிய ஊழியரைத் தாமதத்துக்காகக் குறை கூறுவது முறையாகாது.

இம்மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. விண்மீன்களைக் காண இருள் வேண்டும் என்பதால் அறிஞர்கள் அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வானாய்வுக்கு இருள் துணை செய்கிறது. ஆனால் மின்சாரம் அற்ற ஊரில் அதே இருள் என்னென்னவற்றை நிறுத்திவிடுகிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவதாக, குடிநீர் நிற்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் ஓடாது. கைப்பம்பு பழுதின்றி இருக்கும் ஊருக்கு மட்டுமே தண்ணீர். இரண்டாவதாக, கைப்பேசி நிற்கிறது. கோபுரத்தின் மின்கலம் தீர்ந்ததும் ஊர் உலகத்திலிருந்து அறுபட்டுப் போகிறது. மூன்றாவதாக, நியாயவிலைக் கடை நிற்கிறது. கிடங்கில் அரிசி மூட்டை இருக்கும். ஆனால் கைரேகை பதிக்கும் கருவிக்குத் தொடர்பு இராது. கருவி இயங்காதபோது பதிவேட்டில் எழுதிப் பொருள் வழங்க இடமுண்டு என்று விற்பனையாளருக்குத் தெரிந்திருந்தாலும், பின்னர் இருப்பு வேறுபாட்டுக்குத் தாமே பதில் சொல்ல நேருமோ என்ற அச்சம் அவரைத் தடுத்துவிடுகிறது. அரிசிக்கும் அடுப்புக்கும் இடையே நிற்பது புயல் அன்று. எழுத்தில் இல்லாத ஓர் அனுமதியே.

நான்காவதாக, உழவரின் உரிமை நிற்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. 2016 முதல் நடைமுறையில் உள்ள பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நிலச்சரிவு போன்ற உள்ளூர் இடர்களால் விளையும் சேதத்தையும், அறுத்துக் காயப்போட்ட கதிர் புயல்மழையில் நனைந்து விளையும் சேதத்தையும் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அறுவடைக்குப் பின் 14 நாள் வரையே அந்தப் பாதுகாப்பு உண்டு. சாமை முற்றிக் களத்துக்கு வரவேண்டிய ஐப்பசி, கார்த்திகை மாதங்களே புயலுக்கும் உரிய மாதங்கள். மூன்று நாள் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, சாலையும் இல்லை என்றால், பிரீமியம் கட்டிய உழவர் எப்படித் தெரிவிப்பார்? களத்தில் கதிர் முளைவிடும் நேரத்தில் ஏட்டில் அவர் உரிமையும் காலாவதியாகிறது.

நெசவாளர் நிலை

கைத்தறிக்கு மின்சாரம் எதற்கு என்று கேட்பவர்கள் தறிக்குழியில் உட்கார்ந்து பார்த்ததில்லை. மேகம் கவிந்த கார்த்திகையில், குழிக்குள் கால் வைத்து, மெல்லிய பட்டுப் பாவில் ஜரிகைப் புட்டா எடுக்கும் நெசவாளிக்கு விளக்கே மூன்றாவது கை. ஊடைக்கு நூல் சுற்றும் ராட்டை பல வீடுகளில் மோட்டாரால் ஓடுகிறது. கைத்தறியாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை இலவச மின்சாரம் தருவதென 2023-இல் அரசாங்கம் உயர்த்தியதும் இத்தேவையை அறிந்தே ஆகும்.

இருளைவிடக் கொடியது ஈரம். நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் தறிக்குழிக்குள் ஊற்றெடுக்கும். வாளியால் எவ்வளவு இறைத்தாலும், சுற்றிலும் உள்ள நீர்மட்டம் தாழும்வரை மீண்டும் ஊறிக்கொண்டே இருக்கும். நீர் வடிந்த பிறகும் குழிச் சுவர் காயும்வரை அதில் அமர இயலாது. இதற்கிடையில் பாவு ஈரங்கோத்துத் தளர்கிறது, ஜரிகை மங்குகிறது. வெயில் இல்லாததால் வீதியில் பாவு நீட்டவும் இயலாது. புயல் அடித்தது ஒரு நாள். தறி நின்றது மூன்று வாரம். நெய்த முழத்துக்கே கூலி பெறுபவருக்கு நெய்யாத வாரத்தில் அடுப்பு எப்படி எரியும்?

நிவாரணமும் இடைவெளியும்

அரசாங்கம் கைவிட்டுவிடுகிறது என்று நாம் கூறவில்லை. ஃபெஞ்சலுக்குப் பின் அறிவிக்கப்பட்ட நிவாரணத் தொகைகளை நாமறிவோம். 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான இறவைப் பயிருக்கு எக்டருக்கு ரூ. 17,000, பல்லாண்டுப் பயிருக்கும் மரங்களுக்கும் ரூ. 22,500, மானாவாரிப் பயிருக்கு ரூ. 8,500, பசு, எருமை இறந்தால் ரூ. 37,500, ஆட்டுக்கு ரூ. 4,000, சேதமுற்ற குடிசைக்கு ரூ. 10,000. மலைமேல் சாமை மானாவாரிப் பயிரே. எக்டருக்கு ரூ. 8,500 என்றால் ஏக்கருக்குச் சுமார் ரூ. 3,440 ஆகிறது.

இத்தொகை போதுமா, போதாதா என்ற விவாதத்தில் நாம் இப்போது இறங்கவில்லை. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. கணக்கெடுப்பு முடிந்து, பட்டியல் சரிபார்க்கப்பட்டு, பணம் வங்கிக் கணக்கில் சேரும் நாளுக்கும் புயல் அடித்த நாளுக்கும் இடையே ஒரு காலம் இருக்கிறது. அந்தக் காலத்துக்குப் பொறுப்பாளர் யார்? வருவாய்த் துறைக்கு ஒரு வட்டம் முழுவதும் கண்ணில் இருக்கும். மின்வாரியத்துக்கு ஒரு கோட்டம் முழுவதும் கையில் இருக்கும். எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், யாருடைய கதிர் களத்தில் கிடக்கிறது, எவருடைய தறிக்குழி தாழ்வான தெருவில் உள்ளது என்பதெல்லாம் ஊருக்குள்ளேயே இருக்கும் ஓர் அமைப்புக்குத்தான் தெரியும். கிடங்கும் கணக்குப் புத்தகமும் பணப்பெட்டியும் அங்கத்தினர் பட்டியலும் ஒருங்கே உள்ள அமைப்பு ஊரில் எது? கூட்டுறவுச் சங்கமே அன்றோ?

ஆகவே நமது கருத்து இதுவே: புயலுக்குப் பிந்திய முதல் ஏழு நாட்கள் சங்கத்தின் பொறுப்பாக வேண்டும். அந்த ஏழு நாட்களில் செயலாளர் என்ன செய்யலாம், எவ்வளவு செலவிடலாம் என்பதை, மழை தொடங்குவதற்கு முன்பே தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும்.

முன்பே என்ற சொல்லை அழுத்திக் கூறுகிறோம். சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும் நாம் திரும்பத் திரும்பக் காண்பது, மனமில்லாத செயலாளர்களை அல்ல, அதிகாரமில்லாத செயலாளர்களையே. புயலன்று பத்து தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தவர், மறு ஆண்டுத் தணிக்கையில் தீர்மானமின்றிச் செலவு செய்தார் என்ற குறிப்புக்கு ஆளாகிறார். அதைக் கண்ட மற்றவர் அடுத்த புயலில் கதவைப் பூட்டிக்கொண்டு மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கிறார். தணிக்கையாளரும் தம் கடமையைத்தான் செய்கிறார். குற்றம் ஆளிடம் இல்லை. எழுதப்படாத தீர்மானத்தில் இருக்கிறது. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்றார்கள் நம் பெரியோர்கள். தீர்மானமும் ஓர் அணையே.

தீர்மானத்தில் இருக்க வேண்டியவை

அத்தீர்மானம் எப்படி அமைய வேண்டும் என்பதற்குச் சில யோசனைகளைக் கூறுகிறோம். ஒவ்வொரு சங்கமும் தன் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்று, இருப்பு. மலையூர்க் கடைகளுக்குப் புரட்டாசி முடிவதற்குள் கூடுதல் அரிசியும் பருப்பும் எண்ணெயும் ஏற்றி வைக்குமாறு முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். கைரேகைக் கருவி இயங்காத நாட்களில் குடும்ப அட்டையைக் கண்டு, பதிவேட்டில் எழுதி, கையெழுத்தோ ரேகையோ பெற்றுப் பொருள் வழங்குவதற்கான அனுமதியை வழங்கல் அலுவலரிடமிருந்து எழுத்தில் பெற்று, கடையின் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். அனுமதி சுவரில் இருந்தால் விற்பனையாளரின் அச்சம் நீங்கும்.

இரண்டு, வெளிச்சம். சங்கக் கட்டிடம் ஒன்றேனும் ஊரில் எரிய வேண்டும். ஜெனரேட்டர் நல்லதே, ஆனால் சாலை அடைபட்டால் டீசல் ஏறாது. சூரியத் தகடு வைத்தால் போதும் என்று நினைப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. மின்கம்பியோடு மட்டும் இணைந்த சூரியத் தகடுகள், வெளி மின்சாரம் நின்றால் தாமும் நின்றுவிடும். கம்பியைப் பழுது பார்ப்பவர் மீது மின்சாரம் பாயாதிருக்கவே அவ்விதம் அமைத்திருக்கிறார்கள். ஆகவே மின்கலத்தோடு கூடிய அமைப்பே நமக்கு வேண்டும். இரண்டு யூனிட் சேமிக்கும் மின்கலம் இருந்தால், ஒன்பது வாட் விளக்குகள் பத்தை ஐந்து மணி நேரம் எரிக்க அரை யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும். அறுபது கைப்பேசிகளுக்கு மின்னேற்ற ஒரு யூனிட்டுக்குள் முடியும். எஞ்சியதில் எடைக்கருவியும் விற்பனைக் கருவியும் ஓடும். வெயிலில்லாத நாட்களில் தகடு மிகக் குறைவாகவே தரும். ஆதலால் மழை எச்சரிக்கை வந்த அன்றே மின்கலத்தை முழுதும் நிரப்பி, சிக்கனமாகச் செலவிட வேண்டும். பால் சங்கங்களுக்கோ பால் குளிர்விப்பு நிலையத்தில் ஜெனரேட்டர் இன்றியமையாதது. அதையும் பருவத்துக்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, எண்ணெய் இருப்பை எழுதி வைக்க வேண்டும்.

மூன்று, எழுத்து. மழைக்கு முன்பே, அங்கத்தினர் யார் யார் எந்தக் கொல்லையில் எவ்வளவு சாமை விதைத்திருக்கிறார், எத்தனை மா, பலா, புளி மரம் வைத்திருக்கிறார், எத்தனை ஆடு மாடு உண்டு என்பதை ஒரு பயிர்ப் பதிவேட்டில் எழுதி, கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். மலையில் பட்டா உள்ள நிலமும் உண்டு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் உரிமைச் சான்று பெற்ற நிலமும் உண்டு. எந்தத் தாளும் இன்றித் தலைமுறையாக உழுதுவரும் நிலமும் உண்டு. தாளில்லாதவர் நிவாரணக் கணக்கெடுப்பில் விடுபட்டுப் போகாதிருக்க, விதைப்புக் காலத்திலேயே எழுதப்பட்ட சங்கப் பதிவேடு ஒரு சாட்சியாகவேனும் நிற்கும். புயலடித்த மறுநாள், காப்பீடு செய்தவர்களின் சேத அறிவிப்புகளையெல்லாம் சங்கமே தொகுத்து, ஓர் ஆளிடம் கொடுத்து, நடந்தேனும் அடிவாரத்துக்கு அனுப்பி, வங்கியிலும் வேளாண்மைத் துறையிலும் 72 மணிக்குள் சேர்த்து ஒப்புகை பெற வேண்டும். பயிர்க்கடன் பெற்றவர்களுக்குச் சேத அளவைப் பொறுத்துக் குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தர வழி உண்டு. அதற்கான பட்டியலையும் தாமதமின்றி மத்திய கூட்டுறவு வங்கிக்கு அனுப்ப வேண்டும்.

நான்கு, ஆளும் கருவியும். ரம்பம், அரிவாள், கடப்பாரை, கயிறு, தார்ப்பாய், கைவிளக்கு இவை சங்கக் கிடங்கில் இருக்கட்டும். இளம் அங்கத்தினர் பத்துப் பேர் அடங்கிய குழு ஒன்று சாலையில் விழுந்த மரத்தை அகற்றட்டும். காட்டு மரம் வனத்துறைக்கு உரியது; வழியை மறிக்கும் பகுதியை வெட்டி ஓரமாகத் தள்ளவேண்டுமேயன்றி, வீட்டுக்குக் கொண்டுபோகலாகாது. இதைப் பற்றி வனச்சரக அலுவலரிடம் முன்கூட்டியே பேசி வைத்தால் பின்னர் வழக்கு வராது. அறுந்து கிடக்கும் மின்கம்பியை மட்டும் எவரும் தொடலாகாது. மின்சாரம் நின்றிருக்கிறது என்று நம்பித் தொட்டவர்கள் பலர் உயிர் இழந்திருக்கிறார்கள். கம்பி கிடக்கும் இடத்தைக் குறித்து, மக்களும் மாடுகளும் அணுகாதவாறு காவல் நின்று, ஊழியர் வந்ததும் வழி காட்டி, கம்பம் சுமக்கத் தோள் கொடுப்பதே நாம் செய்யத்தக்க உதவி.

ஐந்து, நெசவாளர் சங்கங்களுக்குரியது. மழை எச்சரிக்கை வந்தவுடன், தாழ்வான தெருக்களில் உள்ள அங்கத்தினர் தம் பட்டு நூலையும் ஜரிகையையும் நெய்த சேலையையும் சங்கக் கிடங்கின் உயர்ந்த மேடையில் ரசீது பெற்று வைக்க இடம் தர வேண்டும். தறியில் ஏறிய பாவு நனைந்து கெட்டால் அந்த நட்டம் நெசவாளியுடையதா, சங்கத்தினுடையதா, இருவரும் பகிர்வதா என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். நட்டம் வந்த பிறகு பேசினால் மனக்கசப்பே மிஞ்சும். தறி நிற்கும் வாரங்களுக்குப் பின்வரும் கூலியில் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்ளும் முன்பணமாக ஒரு தொகையை அங்கத்தினருக்கு அளிக்க, தீர்மானத்தில் இடம் வைக்க வேண்டும்.

ஆட்சேபங்கள்

இதற்குப் பணம் எங்கே என்ற கேள்வி எழும். சங்கம் ஆதாயத்திலிருந்து பொதுநலனுக்கு ஒதுக்குவது நமக்குப் புதிதல்ல. 1912-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்திலேயே, ஆதாயத்தில் கால் பங்கைச் சேமநிதிக்கு ஒதுக்கியபின், மிஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையை அறச்செயல்களுக்குச் செலவிட இடமளித்திருந்தார்கள். இன்றும் பொதுநல நிதி என்ற தலைப்பு நமக்கு உண்டு. பல சங்கங்களில் அத்தொகை ஆண்டு விழாவுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் செலவாகிறது. அதிலிருந்து ஆண்டுதோறும் சிறிது சேர்த்தாலே சில ஆண்டுகளில் மின்கலமும் ரம்பமும் வந்துவிடும். நட்டத்தில் நடக்கும் சங்கங்கள் நான்கைந்து ஒன்றுகூடிப் பொதுவாக ஒரு கிடங்கு வைத்துக்கொள்ளலாம். செய்ய முடியாதது பணத்தால் அல்ல, பெரும்பாலும் நினைவின்மையால்தான்.

இதெல்லாம் அரசாங்கத்தின் கடமை அல்லவா என்று கேட்போரும் உண்டு. ஆம், அரசாங்கத்தின் கடமையே. கம்பத்தை நட வேண்டியதும் நட்ட ஈடு தர வேண்டியதும் அதுவே. அக்கடமையிலிருந்து ஓர் அணுவும் அதை நாம் விடுவிக்கவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அரசாங்கமே போதும் என்றால், சங்கம் என்று ஒன்றை நம் முன்னோர் ஏன் அமைத்தார்கள்? கடன் வாங்கவும் கடன் தள்ளுபடி கேட்கவும் மட்டும் கூடும் கூட்டம் கூட்டுறவு ஆகாது.

அதிகாரத்தை முன்பே கொடுத்தால் முறைகேடு நடக்காதா என்பது மூன்றாவது ஆட்சேபம். நியாயமான கேள்வியே. செலவுக்கு ஒரு மேல்வரம்பு விதியுங்கள். ஒவ்வொரு செலவுச் சீட்டிலும் செயலாளரோடு அங்கத்தினர் இருவர் கையொப்பமிடட்டும். அவ்விருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஏழு நாள் முடிந்து பதினைந்து நாட்களுக்குள் கணக்கைச் சங்கப் பலகையில் எழுதி ஒட்டட்டும். நிர்வாகக் குழு உள்ள சங்கமானால் குழுவும், தனி அலுவலர் பொறுப்பில் உள்ள சங்கமானால் அவரும் இத்தீர்மானத்தைப் பேரவையின் முன் வைத்து விளக்கட்டும். எழுதிய அதிகாரத்தில் நடக்கும் தவற்றைக் கண்டுபிடிக்கலாம். எழுதாத அதிகாரத்தில் நல்லதைக்கூட நிரூபிக்க முடியாது. துறையின் ஊழியராகிய நாமும் இதில் ஒரு பங்கு ஏற்க வேண்டும். இத்தகைய தீர்மானங்கள் ஒப்புதலுக்கு வரும்போது மேசையில் உறங்கவிடாமல், ஆடி மாதத்துக்குள் திருப்பி அனுப்புவது நம் பொறுப்பு.

பிறர் செய்துகாட்டியவை

இவை நடக்கக்கூடியவையா என்று ஐயுறுவோருக்கு இரண்டு சான்றுகள் கூறுவோம்.

தெலங்கானாவில் சிரிசில்லா என்ற விசைத்தறி நகரம் இருக்கிறது. அங்கு வீட்டுக்கும் வயலுக்கும் தறிக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்தளிப்பதே ஒரு கூட்டுறவுச் சங்கம். 1970-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கியது. மின்சாரம் பெறும் அங்கத்தினர்களே வாக்களித்து அதன் இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாமும் மின்வாரியத்தின் வேலையை ஏற்க வேண்டும் என்று கூறவில்லை. மின்சாரம் என்பது கூட்டுறவாளர் கைக்கு எட்டாத பொருளல்ல என்று காட்டவே இதைச் சொல்கிறோம்.

மற்றது கடல் கடந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆட்சிக்குட்பட்ட போர்ட்டோரிக்கோ தீவை 2017 செப்டம்பர் 20-ஆம் நாள் மரியா என்னும் பெரும்புயல் தாக்கிற்று. தீவு முழுவதும் இருண்டது. கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்பச் சுமார் பதினொரு மாதம் ஆயிற்று. செல்வத்திற் சிறந்த நாட்டின் கொடியின்கீழே இந்நிலை! அத்தீவின் மலைப்பகுதியில் அட்ஹுண்டாஸ் என்ற ஊர். அங்கே காசா புவெப்லோ, அதாவது மக்கள் இல்லம் என்ற பொருளுடைய ஓர் ஊர்ப்பொது அமைப்பு இருக்கிறது. தம் காப்பிக்கொட்டையை விற்று வரும் வருவாயை ஒரு துணையாகக் கொண்டு நடப்பது. அந்த இல்லத்தின் கூரையில் 1999 முதலே சூரியத் தகடுகள் இருந்தன. சுற்றுப்புறமெல்லாம் இருண்டபோது அந்த ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. மக்கள் அங்கே வந்து கைப்பேசிக்கு மின்னேற்றினார்கள். நோயாளிகள் தம் மூச்சுக்கருவிகளை இயக்கிக்கொண்டார்கள். அங்கிருந்தே சூரிய விளக்குகள் ஊரூராக வழங்கப்பட்டன. அவர்கள் புயல் வந்தபின் தகடு வாங்க ஓடவில்லை. பதினெட்டு ஆண்டு முன்னதாக வைத்திருந்தார்கள். மலைவாழ் மக்கள், சிறு விவசாயிகள், நம்மைப் போன்றவர்களே அவர்களும்.

ஐக்கிய நாடுகள் சபை 2025-ஆம் ஆண்டை உலகக் கூட்டுறவு ஆண்டாகக் கொண்டாடிற்று. நம் சங்கங்களிலும் கொடியேற்றினோம், கூட்டம் கூட்டினோம். சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995-இல் மான்செஸ்டரில் ஏற்ற ஏழு கொள்கைகளில் கடைசிக் கொள்கை, சமுதாயத்தின்பால் அக்கறை என்பது. மேடையில் பேசும்போது அது இனிக்கிறது. அதன் உண்மைச் சோதனை, மழை பெய்யும் இரவில், மின்சாரம் இல்லாத ஊரில், சங்கத்தின் கதவு திறந்திருக்கிறதா என்பதிலேயே இருக்கிறது.

அங்கத்தினர்களே! அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு அழைப்பு வரும்போது, பொருள் நிரலில் இந்தத் தீர்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் எழுந்து நின்று கேளுங்கள். ஏழு நாள் இருப்பு எங்கே, விளக்கு எங்கே, பதிவேடு எங்கே என்று கேட்பது உங்கள் உரிமை. தனி மரம் தோப்பாகாது என்பதைப் புயலைவிடத் தெளிவாகக் கற்பிப்பவர் யார்? கார்த்திகை ஆண்டுதோறும் வரும். அது வருமுன் நம் சங்கங்கள் தம் தீர்மானத்தை எழுதி, கிடங்கை நிரப்பி, மலையிலும் அடிவாரத்திலும் ஒரு விளக்கையேனும் ஏற்றிவைக்க முன்வருவனவாக!